முப்பத்தாறு சங்கிலி, நாற்பது லிங்க்

சௌபாக்கிய நகரில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை என்று நலச் சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சொன்னவள் நான்தான். நாகலக்ஷ்மி, பொதுப்பணித் துறையில் வரைபடப் பிரிவில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள், மனை எண் முப்பத்தொன்று, அப்போது சங்கத்தின் செயலாளர். வாய் கொஞ்சம் நீளம். என் வீட்டுக்காரர் ராஜகோபாலன் இருந்தவரை, "உன் நாக்கை அடகுக்கடைக்காரன்கூடத் தொட மாட்டான்" என்பார். அவர் தொண்ணூற்றொன்பதில் போய்ச் சேர்ந்தார். நாக்கு அப்படியேதான் இருக்கிறது.

ஆனால் நான் எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை. எங்கள் பார்க்கைப் பார்த்துக்கொண்ட பக்தவச்சலத்தைப் பற்றி. அவனைச் சொல்ல வேண்டுமென்றால் நகரைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் ஒரே நாளில் பிறந்த மாதிரி.

தாம்பரத்திலிருந்து சேலையூர் தாண்டி மாடம்பாக்கம் போகிற வழியில் எங்கள் நகர். எழுபத்து மூன்றில் அரசாங்க குமாஸ்தாக்கள் சேர்ந்து சங்கம் வைத்து வாங்கிய மேட்டு நிலம். அறுபத்திரண்டு மனை, எல்லாம் நாற்பதுக்கு அறுபது. முப்பதடி ரோடு. நடுவில் ஒரு பார்க். மனைகளின் பின்பக்கம் துப்புரவுக்காரர்கள் வந்துபோக எட்டடிச் சந்து. அந்தக் காலத்தில் தாம்பரம் பக்கம் எவன் இப்படித் திட்டம் போட்டுக் குடி வந்தான்? மனையைக் குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள். எனக்குப் பார்க்கை ஒட்டின மனை விழுந்தது. என் மனைக்கும் பார்க்குக்கும் நடுவில் அந்தச் சந்து மட்டும்தான். நான் குதித்த குதியைப் பார்த்து என் நாத்தனார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

திட்ட வரைபடத்தை நீலத்தாளில் எடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சங்க அறையில் மாட்டியிருந்தோம். வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பீற்றிக்கொள்வேன். அதில் நிலத்தின் பழைய விவரம் ஒரே வார்த்தை: தரிசு.

இந்த மேட்டுக்கு மேற்கே அரை மைலில் பக்தவச்சலத்தின் காலனி. நாங்கள் நகர், அவர்கள் காலனி. அப்படித்தான் சொல்லிப் பழகியிருந்தோம், அதில் என்ன இருக்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. இளவயதில் அவன் சர்வேயரிடம் சங்கிலி ஆளாக இருந்தான். நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலி, இரண்டு முனையிலும் பித்தளைப் பிடி, உள்ளே நூறு கண்ணி, அதைத்தான் லிங்க் என்பார்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முள்ளிலும் சேற்றிலும் நடப்பதுதான் வேலை. எங்கள் மனைகளுக்குக் கல் நட்டபோதும் சங்கிலி பிடித்தவன் அவன்தான். வேலை முடிந்ததும் பார்க்கைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று சங்கம் கேட்டது. மற்றவர்கள் தயங்க, அவன் முந்திக்கொண்டு வந்து நின்றானாம்.

முப்பது வருஷம் நின்றான். செடிக்குத் தண்ணீர் விடுவான், மோட்டார் போடுவான், ஊஞ்சல் சங்கிலிக்கு எண்ணெய் போடுவான். அதிகம் பேச மாட்டான். அவன் மனைவி முத்தாலம்மாள் எண்பத்தைந்திலிருந்து என் வீட்டில் வேலை செய்தாள். அவள் அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். மகன் வினோத்குமார் சிறுசேரியில் கம்பெனி வேன் ஓட்டப் போனதும், "வேலைய வுட்டுட்டு வூட்ல குந்தும்மான்றான். குந்திகினு இன்னா பண்றது, கொசு அடிக்கறதா?" என்று சிரித்தாள்.

எனக்கும் பக்தவச்சலத்துக்கும் ஒரே ஒரு தகராறு. வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கின் கிழக்கு மூலையில், புங்க மரத்தடியில், சூடம் ஏற்றிச் சின்ன டம்ளரில் பால் வைப்பான். முனீஸ்வரன் கினீஸ்வரன் என்று ஆரம்பித்து நாளைக்குக் கோயிலே கட்டிவிடுவான் என்று எனக்குப் பயம். ஒருநாள் எல்லார் எதிரிலும் கத்திவிட்டேன்.

"ஏம்ப்பா, பார்க்கு என்ன சுடுகாடா?"

அவன் எரிகிற சூடத்தை அப்படியே உள்ளங்கையில் எடுத்துக்கொண்டு போனான். முத்தாலம்மாள் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதையும் இதையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து நாலு கோடையில் கிணறெல்லாம் காய்ந்துபோனது. லாரித் தண்ணீரை ஊற்றி வைக்க ஒரு சம்ப் கட்டலாம் என்று சங்கத்தில் முடிவு செய்தோம். இடம், பார்க்கின் கிழக்கு மூலை. அறிவிப்பு ஒட்டின அன்றைக்குச் சாயங்காலமே பக்தவச்சலம் என் வாசலில் வந்து நின்றான். கூட முத்தாலம்மாள். காலையில் என் வீட்டில் பெருக்கிவிட்டுப் போனவள், இப்போது வேறு யாரோ மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

"செக்ரட்டரியம்மா, அந்த மூலைய நானே தோண்டித் தரேன். காசு வாணாம்" என்றான்.

"ஏன், அங்கே புதையல் வச்சிருக்கியா?" என்றேன். என் வாயில் சனி.

"எங்கொழந்த கீதும்மா அங்க" என்றாள் முத்தாலம்மாள்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்கள்.

அறுபத்தொன்பது தை மாதம் அவர்களுடைய முதல் குழந்தை இறந்துபோனது. ஐந்து மாதம். கிளியம்மாள் என்று பெயர் வைத்துக் கிளி என்று கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். பல் முளைக்காத குழந்தையை எரிக்கக் கூடாது, புதைக்க வேண்டும். அதற்கென்று அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. அதுதான் எங்கள் மேடு. எங்கள் வரைபடத்தில் தரிசு என்று போட்டிருந்த மேடு.

புதைக்கிற இடத்துக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை. முத்தாலம்மாள் தெருமுனையோடு நின்றுவிட்டாள். பக்தவச்சலம் திரும்பி வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: எந்த இடம்? மற்றவர்கள் ஒரு கல்லை வைப்பார்கள், முள்ளை வெட்டிப் போடுவார்கள். ஒரு மழை போதும், எல்லாம் போய்விடும். இவன் சங்கிலி ஆள். மறுநாள் விடிந்ததும் ஆபீஸ் சங்கிலியை எடுத்துக்கொண்டு, அண்ணனை மறுமுனை பிடிக்கச் சொல்லி அளந்தான். மூன்று ஊர் எல்லை கூடுகிற இடத்தில் ஒரு கல் உண்டு. அதிலிருந்து நேர் கிழக்கே முப்பத்தாறு சங்கிலி, நாற்பது லிங்க். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொன்னான். எழுதப் படிக்கத் தெரியாத அவள் அதை மனப்பாடம் செய்துகொண்டாள். என் எதிரில் சொல்லும்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் சொன்னாள்.

பிறகு எங்கள் சங்கம் வந்தது. அங்கிருந்த பனைகளை வெட்டி, லாரி லாரியாக மண் கொட்டி, மேட்டை இன்னும் இரண்டடி உயர்த்தியது. அடையாளம் ஒன்றும் மிஞ்சவில்லை. கல் நடுகிற வேலைக்கு வந்த பக்தவச்சலம் சங்கத்தின் புதுச் சங்கிலியை வாங்கி, அதே கல்லிலிருந்து மறுபடி அளந்தான். முப்பத்தாறு சங்கிலி, நாற்பது லிங்க். அந்த இடம் ஒரு மனைக்குள் விழுந்தது. சர்வேயர் காலைப் பிடித்து அழுதான். அந்த மனுஷன் நல்லவர், பென்சிலை எடுத்துப் பார்க்கை ஒரு மனை தள்ளிப் போட்டுக் கொடுத்தார். பார்க்கின் மூலையில் அந்த இடம் வந்துவிட்டது.

நாங்கள் பீற்றிக்கொண்ட திட்டம் இது. எஞ்சினியர்கள் காற்றோட்டம் பார்த்து வைத்த பார்க் என்று நான் எத்தனை பேரிடம் அளந்து விட்டிருக்கிறேன்!

"வேற கொழந்தைங்களும் இருக்காப்பா அங்க?" என்று கேட்டேன்.

"எண்ணிக்கையில்லம்மா. எல்லாக் குடிசையிலயும் ஒண்ணு ரெண்டு. அளந்து வெச்சது நான் மட்டும்தான்."

அன்று முதல் நகருக்குள் நடக்கும்போது என் கால் கூசத் தொடங்கியது. இந்த வீட்டுக் கார் நிற்கிற இடத்தில் யார்? அந்த வீட்டுப் பூஜை அறைக்குக் கீழே எத்தனை பேர்? சாயங்காலம் பார்க்கில் பிள்ளைகள் போடுகிற கூச்சலைக் கேட்டால், இது மேலேயிருந்து வருகிறதா கீழேயிருந்து வருகிறதா என்று தோன்றும். பேய் இல்லை என்று மேசையைத் தட்டியவளுக்கு வந்த கதி.

வைகாசியில் ஒரு புதன்கிழமை காலை அவன் தோண்டினான். எதுவும் கிடைக்காது, சின்ன உடம்பு, எப்போதோ மண்ணாகியிருக்கும் என்று அவர்களுக்கும் தெரியும். அந்த மண்ணை ஒரு கைப்பிடி எடுத்துத் துணியில் கட்டிக் காலனிப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். முத்தாலம்மாள் மஞ்சள் துணியோடும் பால் சொம்போடும் புங்க மரத்தடியில் நின்றாள். முப்பத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் குழந்தையின் பக்கத்தில் நிற்பதாக அவள் நினைப்பு.

இரண்டடிக்குக் கொட்டின மண் வந்தது. அதற்குக் கீழே பழைய தரை, சிவப்பு மொரம்பு. கடப்பாரை ணங்கென்று எகிறியது. பக்தவச்சலம் குனிந்து தடவிப் பார்த்தான். பக்கத்தில் வெட்டினான், அந்தப் பக்கமும் வெட்டினான். நாலடி ஆழம் போனான். பிறகு குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

"இது வெட்டாத மண்ணும்மா. இந்த மண்ணுல யாரும் கை வெச்சதே இல்ல."

முத்தாலம்மாள் குழியை எட்டிப் பார்த்தாள். பிறகு பால் சொம்பை அவன்மேல் வீசினாள்.

"எங்கய்யா எங்கொழந்த? முப்பத்தஞ்சு வருசமா எதுக்குப் பால் ஊத்தின? சொல்லுய்யா! எங்க வெச்ச?"

அவன் முகத்தில் பால் வழிய அப்படியே உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெரிந்தால்தானே சொல்வான்.

மறுபடி அளக்கவும் வழியில்லை. கல்லுக்கும் பார்க்குக்கும் நடுவில் ஒரு கல்யாண மண்டபமும் நாலு அடுக்குமாடிகளும் வந்துவிட்டன. இரண்டு நாள் கழித்து எனக்குத்தான் பொறி தட்டியது. வரைபடக்காரி இல்லையா! அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"குழந்தைய வச்சப்ப அளந்த சங்கிலி எது? நகர் போட்டப்ப அளந்தது எது?"

"அது பழைய சங்கிலி. இது புது சங்கிலி. ரெண்டுக்கும் நூறு லிங்க்குதாம்மா. சங்கிலின்னா சங்கிலிதானே?"

ஆபீசில் கழித்துப் போட்ட பழையதை எடுத்து வீட்டுப் பரணில் வைத்திருந்தான், கொண்டுவந்தான். டேப் வைத்தேன். அறுபத்தாறு அடி. சங்கம் வாங்கின புதுச் சங்கிலி மீட்டர் கணக்கு, இருபது மீட்டர். அதாவது அறுபத்தைந்து அடி ஏழு அங்குலம் சொச்சம். சங்கிலிக்கு நாலரை அங்குலத்துக்கு மேல் குறைச்சல். கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. லிங்க்கை எண்ணத் தெரிந்தவனுக்கு லிங்க்கே சின்னதாகிவிட்டது என்று யார் சொன்னார்கள்? எங்கள் ஆபீசில் மீட்டர் கணக்குக்கு மாறச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது, நான் கையெழுத்துப் போட்டேன். சங்கிலி பிடிக்கிறவனுக்கு எவன் சுற்றறிக்கை அனுப்புவான்?

அவனை அனுப்பிவிட்டுச் சங்க அறைச் சட்டத்திலிருந்து நீலத்தாளை எடுத்துவந்து என் வீட்டு மேசையில் விரித்தேன். முப்பத்தாறு சங்கிலிக்குச் சேர்த்துப் பதினாலு அடி. குழந்தை இன்னும் பதினாலு அடி கிழக்கே இருக்க வேண்டும். தோண்டின இடத்திலிருந்து பார்க் சுவர் மூன்று அடி. சந்து எட்டடி. ஆயிற்று பதினொன்று. மிச்சம் மூன்றடியை ஸ்கேலில் வைத்தேன். என் காம்பவுண்டுக்குள் வந்து நின்றது. என் வீட்டுப் பின்பக்கக் குழாயடி.

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். கணக்கு ஈவிரக்கமில்லாமல் அதே இடத்தில் வந்து நின்றது. வெளியே அந்தக் குழாயடியில் முத்தாலம்மாள் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேங்காய் நார் உரசும் சத்தம் ஜன்னல் வழியே வந்தது.

மறுநாள் இருவரும் வந்து நின்றார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஏழடி தள்ளியிருக்குப்பா. சந்துல விழுது, நடுவுல."

பயம். வேறு ஒன்றுமில்லை. பின்கட்டை இடிக்க வேண்டும், ஊர் பேசும், ராத்திரி தனியாகப் படுக்கிறவள் நான். அந்தக் காரணங்களை இப்போது எழுதும்போதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். பக்தவச்சலம் என் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "படிச்சவங்க சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றான். பொதுச் சந்தைத் தோண்ட வேண்டாம், அடையாளம் தெரிந்ததே போதும் என்று இருவரும் கிளம்பிப் போனார்கள்.

சந்து இப்போது துப்புரவுக்காரர்களுக்கு இல்லை. பஸ் ஸ்டாப்புக்குக் குறுக்கு வழி. வெள்ளிக்கிழமைதோறும் முத்தாலம்மாள் நடுச்சந்தில் குனிந்து பால் ஊற்றுவாள். பைக்குகள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போகும். "ஏ கெழவி, சாவறதுக்கு வேற எடமே கெடைக்கலயா?" என்று ஒருத்தன் கேட்டது என் சமையலறை வரை கேட்டது. பால் ஊற்றிவிட்டு அவள் நேராக என் வீட்டுக்கு வருவாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழாயடியில் உட்காருவாள்.

என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. காபி டம்ளரை வைக்கப் போனால்கூடத் தூரத்திலிருந்து கையை நீட்டுவேன். சிமெண்டுத் தரையில் ஈரம் காய்கிற திட்டு சில நேரம் ஒருக்களித்துப் படுத்த பிள்ளை மாதிரி தெரியும். கண்ணை மூடித் திறந்தால் வெறும் ஈரம். குழாயை மூடின பிறகும் சொட்டுச் சொட்டென்று கேட்கும், போய்ப் பார்த்தால் சொட்டாது. "முன்பக்கக் குழாயில தேய்ச்சுக்கோயேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"இன்னாம்மா நீ, அங்க வெயிலு கொளுத்துது. இங்கதான் நெழலா கீது" என்றாள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, அறுத்தது. அப்படியும் எட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. இந்த வாய்!

தை பிறந்து இரண்டாவது வெள்ளி. சந்தில் குனிந்திருந்தவளை ஒரு பைக் இடித்துத் தள்ளியது. கை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வந்து அடுத்த வெள்ளியே ஒற்றைக் கையில் சொம்பைப் பிடித்துக்கொண்டு சந்தில் நின்றாள். நான் பின்வாசலைத் திறந்துகொண்டு ஓடினேன்.

"முத்தாலு, அங்க ஊத்தாத. அங்க இல்ல. உள்ள வா. பக்தவச்சலத்தையும் கூப்பிடு."

குழாயடியைக் காட்டினேன். பதினாலடி என்றேன். சந்து என்று சொன்னது பொய் என்றேன். பக்தவச்சலம் என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. பார்க்குக்குப் போய்க் கடப்பாரையை எடுத்துவந்தான். சிமெண்டை உடைத்தான். கொட்டின மண் இரண்டடி. அதற்குக் கீழே கடப்பாரை சத்தமில்லாமல் இறங்கியது. அவன் அதை வைத்துவிட்டுக் கையால் தோண்டினான். சுற்றிலும் கெட்டி மொரம்பு, நடுவில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட, பொலபொலவென்று கறுத்த மண். பாத்திரம் தேய்த்த தண்ணீர் இறங்கி இறங்கிக் கறுத்திருந்தது.

"இதான். வெட்டின மண்ணு. என் கையால வெட்டினது" என்றான். கையை அந்த மண்ணுக்குள் வைத்துக்கொண்டு, வயசான மனுஷன், வாய்விட்டு அழுதான்.

முத்தாலம்மாள் அழவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு குழியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவள் எப்போதும் உட்காருகிற அதே இடம்தான்.

"பத்தொம்பது வருசமா இங்கயே குந்திகினு இருந்திருக்கேன்" என்றாள். "பெத்தவளுக்குத் தெரியலியே. ஒரு நாளாவது வயிறு ஒரு பேச்சு சொல்லியிருக்கக் கூடாதா? உன் வூட்டு எச்சத் தண்ணியெல்லாம் எம்பொண்ணு தலையிலயா ஊத்தினேன்?"

நான் அவள் பக்கத்தில் உட்காரப் போனேன். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல இன்னொரு தடவை வாய்ப்பு இருந்தது. சொல்லவில்லை.

"வைகாசியிலயே."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். வைகாசி, ஆனி, ஆடி என்று ஒவ்வொரு மாதமாக, ஒற்றைக் கையில், மெதுவாக. எண்ணி முடித்துக் கையை மண்மேல் வைத்தாள்.

"பத்தொம்பது வருசம் நான் தெரியாம ஊத்தினேன், சரி" என்றாள். "இந்த எட்டு மாசம், தெரிஞ்சிகினே என்னிய ஊத்த வுட்டியேம்மா."